ஏழாம் நம்பர்

தலவாக்கலையில் தவணைப் பரீட்சை முடிந்துவிட்டது.
தகரக் கூரையில் மழை. நூற்றுப் பன்னிரண்டு விடைத்தாள்கள்,
ஒரு சிவப்புப் பேனா,
ஆறிப்போன பிளேன்டீ.

தாளில் பெயர் எழுதக் கூடாது. சுட்டெண் மட்டும்.
பிரட்டுக்களத்திலும் அப்படித்தான்.
அம்மாவுக்கு இருநூற்றுப் பதினாறு:
கொழுந்து நிறுக்கும்போது, சம்பளத் துண்டில்,
என்னைப் பெற்ற மாதத்து லீவுக் கடிதத்தில்.

வினா மூன்று.
கறுப்பின மக்கள் அத்லாந்திக் கடலுக்கு அப்பால்
கொண்டுசெல்லப்பட்ட விதத்தை விபரிக்க.
எல்லாத் தாளிலும் நல்ல புள்ளி.
கப்பலின் அடித்தட்டு, சங்கிலி, ஏலம், பருத்தி.
பாடமாக்கி எழுதியதுபோல் இல்லை,
கோபத்தில் எழுதியதுபோல் இருந்தது.
ஒரு தாளில் ஏலமேடை படமாகவும்.

வினா நான்கு.
மலைநாட்டில் காடழித்துத் தோட்டங்களை உருவாக்கியோர் யார்?
விடைத்திட்டம்: ஆங்கிலேயர். ஒரு புள்ளி.

நாற்பத்தேழாம் சுட்டெண் எழுதியிருந்தது:
"ஆங்கிளேயர் குதிரையில் இருந்தார்கள்.
கத்தி பிடித்தவர்கள் யார் என்று புத்தகத்தில் இல்லை.
எனக்கு ஒரு பெயர்தான் தெரியும். குப்பாயி.
எங்கள் தோட்டத்து ஏழாம் நம்பர் மலையைக்
கொழுந்தெடுப்பவர்கள் குப்பாயி மலை என்பார்கள்.
மரம் சாய்ந்து செத்தவளாம்.
மூன்றாம் வினாவில் உள்ள மக்களுக்கு ஒரு பக்கம் இருக்கிறது.
எங்களுக்கு எத்தனையாம் பக்கம் என்று
தயவுசெய்து சொல்லவும்."

லகர ளகரப் பிழையை வட்டமிட்டேன்.
அது சுலபம்.

அது வேறு கடல், வேறு சங்கிலி.
விற்கப்பட்டவரையும் கடன்பட்டு வந்தவரையும்
ஒரே தராசில் நிறுக்க மாட்டேன்.
ஆனால் பக்கத்துக் காம்பராவில் விளக்கு எரியும்போதுதானே
நம் காம்பராவின் இருட்டு
இவ்வளவு என்று தெரிகிறது.

அந்த மலையடியில்தான் எங்கள் லயம்.
பதினாறு வருடம் குப்பாயி மலை என்று சொன்ன வாய்
யார் அந்தக் குப்பாயி என்று ஒருநாளும் கேட்கவில்லை.
கலாசாலையில் ஊர் கேட்டார்கள்.
நுவரெலியா என்றேன்; தோட்டத்தை விழுங்கிவிட்டேன்.
விடுதிச் சாப்பாட்டு மேசையில் ஒருத்தி
விளையாட்டாய்க் கேட்டாள்: "கள்ளத்தோணியா?"
மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடந்த கால்கள்,
வழியில் புதைத்த இடம் தெரியாதவர்கள்,
நாற்பத்தெட்டில் ஒரு சட்டம் நாடற்றவராக்கிய லட்சக்கணக்கானவர்கள்,
ஒன்றும் எனக்குத் தெரியாது.
வரலாற்றில் எனக்கு விசேட சித்தி.
சோற்றைப் பிசைந்தபடி
நானும் சிரித்தேன்.

பிரதம பரீட்சகர் ஞானசெல்வம் தாளைத் திருப்பிப் பார்த்தார்.
"திட்டத்தில் இல்லையே டீச்சர்."
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"எங்கள் தோட்டத்தில் பெருமாயி ஓடை" என்றார்,
யாருக்கோ சொல்வதுபோல்.
பிறகு அடுத்த கட்டைப் பிரித்தார்.

ஒரு புள்ளி போட்டேன்.
காணாது.

ஐந்தரை பஸ்.
"டீச்சர், ஏழாம் நம்பர் சந்திதானே?"
"குப்பாயி மலை."
"அப்படி ஒரு ஹோல்ட் இல்லையே."
பின் இருக்கையில், மடியில் ஈரப் படங்குச் சாக்கோடு,
எனக்குத் தெரியாத ஒருத்தி:
"ஏன் இல்ல? நானும் அங்கதான் எறங்கணும்."

கொண்டக்டர் எங்கள் இருவரையும் பார்த்தான்.
டிக்கட்டில்
பழையபடி 7 என்றே எழுதினான்.