காணும்

டான்டினோங்கில் அன்று நாற்பத்தொரு பாகை.
பட்டறைக் கதவைப் பாதி தூக்கிவிட்டு
வினைல் சுருள்களை நிழலுக்கு உருட்டிக்கொண்டிருந்தேன்.
கேதீஸ்வரன் வந்தார்.
வெள்ளை வான், கைபேசி, அவசரம்.
"ஏசி வேலைக்கு இதுதான் சீசன்.
வெள்ளிக்கிழமை வான் றோட்டில நிக்கவேணும்.
படம் அனுப்பிப்போட்டன், காணும்தானே?"

கைபேசியில் நல்ல படம்தான்.
நீலச் சட்டையில் இரண்டு பேர்,
பின்னால் ஒரு கொம்பிரசர்.
வானின் பக்கத்துக்கு, இரண்டரை மீற்றருக்கு இழுத்தேன்.
ஒவ்வொரு புள்ளியும் மைசூர்ப்பருப்பளவு வீங்கியது.
மூக்கின் அகலம் பதினொரு பருப்பு.
கண்ணுக்கு மூன்றுதான் கிடைத்தது.

"காணாது அண்ணை."

எங்கள் பேச்சில் இந்தச் சொல்லுக்கு இரண்டு வாசல்.
போதாது என்று ஒன்றால் போகலாம்,
கண்ணுக்குப் பிடிபடாது என்று மற்றதால்.
என் தொழிலில் இரண்டும் ஒரே அறைக்குள்தான் திறக்கும்.

அவர் நம்பவில்லை.
"ஃபோனில பளிச்செண்டு கிடக்கே?"
அரைக் கிலோ மாவில் எட்டுப் பேருக்கு இடியப்பம் பிழியலாம்,
எண்பது பேருக்குப் பிழிந்தால்
மா கூடாது அண்ணை, நூல்தான் அறும்.
சிரித்தார். மேசை விசிறியைத் தன் பக்கம் திருப்பினார்.

படம் வந்த வழியை விசாரித்தேன்.
கடை திறந்த வருடம் முகநூலில் போட்டது.
முகநூலில் இருந்து ஸ்கிரீன்ஷாட்,
ஸ்கிரீன்ஷாட் மச்சானின் வாட்ஸப்புக்கு,
அங்கிருந்து திரும்ப இவருக்கு.
ஒவ்வொரு கை மாறும்போதும்
ஜேபெக் தன் தரகை எடுத்திருக்கிறது.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.
"மற்ற ஆளை எடுத்துவிடு பிள்ளை."
மற்ற ஆளின் பெயரைச் சொல்லவில்லை.
சட்டைப்பையில் தையல் எழுத்து இருந்தது,
ஐந்து பருப்பில் அது வாசிபடாது.

"அவற்றை கை உங்கட தோளில கிடக்கு."

"அதையும்."

கைக்குக் கீழே ஒன்றும் இல்லை, என்றேன்.
இது எல்லாம் ஒன்றாய்க் காய்ந்துபோன படம்.
கையைத் தூக்கினால் தோள் வராது,
ஓட்டைதான் வரும்.
அடுக்கு அடுக்காய் இருக்கிற முதல் ஃபைல் யாரிடம்?

"அவனிட்ட. கொம்பியூட்டர் வேலை எல்லாம் அவன்தான்."

வெளியே போய் வானின் நிழலில் நின்றார்.
எழுதினார். அழித்தார். எழுதினார்.

பத்து நிமிடம்.
உருத்திரகுமார் என்ற பெயரில் ஒரு மின்னஞ்சல்.
உள்ளே ஒரு சொல் இல்லை, ஒரு இணைப்பு மட்டும்.
நானூற்றுப் பன்னிரண்டு மெகாபைட்.

திறந்தேன்.
சுவர் தனி. கொம்பிரசர் தனி.
எழுத்து வெக்டர், மலையளவு இழுத்தாலும் விளிம்பு கூர்.
இரண்டு ஆட்களும் தனித்தனி.
ஒருவருக்கு வெயில் இடப்பக்கம், மற்றவருக்கு வலப்பக்கம்.
எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சின்ன அடுக்கு,
அதற்கு அவர் வைத்த பெயர்: கை_கடைசி_2.

கேதீஸ்வரன் குனிந்து பார்த்தார்.
"அண்டைக்கு அவன் வரேல்ல," என்றார் மெதுவாய்.
"நான் தனியத்தான் நிண்டனான்."

அடுக்கின் ஓரத்தில் ஒரு கண் குறி.
அழுத்தினேன், கை போனது.
தோள் முழுதாய் இருந்தது,
இஸ்திரி மடிப்போடு.
அழுத்தினேன், கை வந்தது.
விரல்களின் கீழ் ஒரு மெல்லிய நிழல்,
அதையும் யாரோ பொறுமையாய் வரைந்திருந்தார்கள்.

"இன்னொருக்கா," என்றார்.
பிறகு இன்னொருக்கா.

இரண்டு ஆட்களையும் அணைக்கச் சொன்னார்.
சுவரை, கொம்பிரசரை.
திரையில் சாம்பலும் வெள்ளையுமாய்ச் சதுரக் கட்டங்கள்,
அங்கே ஒன்றும் இல்லை என்பதற்கு மென்பொருள் போடும் அடையாளம்.
அதன் மேல் நீல எழுத்தில் ஜோடி கூலிங்,
கீழே தொலைபேசி எண்.

"எழுத்து மட்டும் காணும்."

வெள்ளிக்கிழமை காலை வான் போனது.
பின்கதவின் மூலையில் ஒரு காற்றுக் குமிழி,
வெக்கையில் தானாய் அமர்ந்துவிடும்.
ஃபைலை நான் அழிக்கவில்லை.
இரண்டு மணிநேரக் கூலி கூடக் கேட்டிருக்கலாம்,
கேட்கவில்லை.