முந்நூற்றுப் பதினொன்றும் ஒன்றும்

இந்த ஊரில் பனிக்காலத்தை
மின்மீட்டரில்தான் முதலில் பார்ப்பேன்.
கார்த்திகை பிறந்தால் காற்றாடி இரண்டில் ஓடும்,
யூனிட் குறையும்,
சுசீந்திரத்திலிருந்து இடலாக்குடி வரை
யாரும் என்னோடு சண்டைக்கு வரமாட்டார்கள்.
அவ்வளவுதான் குளிர்.

ஞாயிறு காலை ஐந்தே முக்கால். தேரூர்க் குளக்கரை.
இரவு பெய்தது இன்னும் தென்னையில் சொட்டுகிறது,
குடையைத் தோளில் சாய்த்து நிற்கிறேன்.
கும்பப்பூ நட்ட வயலில் தவளைகள் ஓய
கொக்குகள் தொடங்குகின்றன.
மருந்துவாழ் மலை மட்டும் மேகத்துக்கு வெளியே
ஒரு முழங்காலை நீட்டி வைத்திருக்கிறது.

பைக் இருக்கைமேல் நோட்டை விரித்தேன்.
வாரம் முழுக்க எண் குறித்த அதே கை.
கூழைக்கடா நான்கு.
பாம்புத்தாரா ஒன்று, பட்டமரத்தில்,
நனைந்த சட்டையைக் கழற்றாமலே உலர்த்திக்கொண்டு.
நாமக்கோழி எண்ணி மாளாது, தோராயம் போட்டேன்
(அலுவலகத்தில் இதைச் செய்தால் மெமோ).
இலைக்கோழி ஒன்று தாமரை இலைமேல் நடந்தது,
கீழ்வீட்டில் ஆள் தூங்குகிறது என்று
தெரிந்தவள் போல.

பிறகு அவை.
தண்ணீரோடு தண்ணீராய்ப் பழுப்பு. நீலச்சிறகிகள்.
ஆணுக்கு வெள்ளைப் புருவம் வர தை ஆகிவிடும்,
இப்போது எல்லாம் ஒரே முகம்,
ரேஷன் கடை திறக்குமுன் நிற்பவர்கள் போலக்
கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு.
எங்கிருந்து என்று புத்தகத்தில் இருக்கிறது.
எனக்குக் களியக்காவிளைக்கு அப்பால் பழக்கமில்லை.

பத்துப் பத்தாகக் கட்டைவிரலால் மறைத்து எண்ணினேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு.

எழுதி முடிக்கவில்லை,
சேற்றுப் பருந்து வந்தது, அவசரமே இல்லாமல்,
கோரைக்கு ஒரு முழம் மேலே.
குளத்தின் பாதி பிய்ந்துகொண்டு எழுந்தது.
நாலுவழிச் சாலை வரை போய்
ஒரு டேங்கர் லாரியின் ஹாரனில் மோதித் திரும்பிச்
சுற்றிச் சுற்றி வந்தது.

தண்ணீரில் ஒன்று மட்டும் மிச்சம்.
ஆகாயத்தாமரைக்குள் தலையைச் செருகி,
தான் பார்க்காவிட்டால் பருந்து இல்லை என்பதுபோல.

"அது பறக்காது சாரே."
லாரி டியூபில் உட்கார்ந்து தாமரை பறிக்கும்
அணஞ்சபெருமாள்.
"பங்குனியில கூட்டம் பூரா போச்சு, இது கெடந்துட்டு.
வலது செறகு சரியில்ல பாத்துக்கிடுங்க.
சித்திர வெயிலுக்கும் இங்கதாம், ஆனி மழைக்கும் இங்கதாம்.
ஐப்பசியில மத்ததெல்லாம் வந்து எறங்கிச்சில்லா,
நாலு நாளு தூரத்துலயே நின்னுது."

பிறகு?

"பொறவு எப்பச் சேந்துதுன்னு நான் பாக்கல.
அன்னைக்குத் தோவாளையில ரெண்டு மடங்கு பூ கேட்டாவ."

பருந்து வெறும் காலோடு போனது.
இறங்கின, முதலில் ஐந்தாறு,
பிறகு சாக்கு அவிழ்ந்து கொட்டியது போல.
ஒரு நிமிடம்தான்.
எது பறந்தது, எது கிடந்தது,
தொலைநோக்கியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தும்
பிரிக்க முடியவில்லை.

படிவத்தில் இரண்டு கட்டங்கள்: உள்ளூர், வலசை.
வலசையில் முந்நூற்றுப் பதினொன்று.
மீதி ஒன்றோடு பேனா நின்றது.
பூட்டிய வீட்டுக்கு ஒரு குறி உண்டு எங்களிடம்.
காலி மனைக்கு ஒன்று, நாய் கிடக்கும் வாசலுக்கு ஒன்று.
ஆள் இங்கே, வீடு வேறெங்கோ என்றால்
எதுவும் இல்லை.

"எத்தன கெடச்சு சாரே?"
மீன் கேட்பதுபோல் கேட்டார். சொன்னேன்.
"அதச் சேத்தாச்சா?"

பதிலுக்கு நிற்காமல் டியூபைத் தள்ளிக்கொண்டு
வாத்துகளின் நடுவே போனார்,
மடியில் மொட்டுக் கட்டு, வாயில் பீடி.
ஒன்றுகூட எழவில்லை.

நான் குடையை மடக்கினேன்.
நாற்பது எழுந்து போயின.