இடைவெளிப்பட்டை

பனி வழிக்கும் வண்டியை
ஓவுலு நகரசபைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு
நாலரைக்கு வீடு வருவேன்.
கையுறை கழற்றிய விரல்களுக்குச்
சூடு திரும்பட்டும் என்று காத்திருந்து
போனைத் திறந்தால்
பில்சனிலிருந்து ஒரு சத்தம் வந்து கிடக்கும்.

தொக். தொக். தொதொக்.

"புதுப் பித்தளைத் தகடு.
முன்னைவிடக் கொஞ்சம் கரகரப்பு, இல்லையா?"
டோப்ரோமிலாதான்.
பகலில் ஊரார் பல்லைத் தட்டிப் பார்ப்பவள்
இரவில் விசைகளைத் தட்டிப் பார்க்கிறாள்.
ஸ்பிரிங்குக்கு மசகு தடவ
சொத்தைப் பல்லுக்கு வைத்திருக்கும் நுனித்தூரிகைதான் தோது
என்று கண்டுபிடித்தவளும் அவளே.

கெத்தின் வேல்ஸ்காரன்.
எதைக் கேட்டாலும் "மோசமில்லை" என்பான்,
அதற்கு மேல் பாராட்டு அவனிடம் கிடையாது.
ஆட்டுப்பண்ணைக் கணக்கெழுதும் பலகையில்
மூன்று முறை ஸ்விட்ச் மாற்றியும்
ஏழு மட்டும் சளசளக்கிறதாம்.
"என் ஏழாவது ஆடும் அப்படித்தான்."
வண்டியில் தனியாகச் சிரித்ததில்
ஒரு தபால்பெட்டியை இடிக்கத் தெரிந்தேன்.

வால்டிவியாவிலிருந்து நிபால்டோ அனுப்பும் பதிவுகளில்
விசையைவிட மழை அதிகம்.
தகரக் கூரையில் சடசட,
அதனடியில் எங்கோ அவன் தட்டல்.
"கூரையை அணைத்துவிட்டு அனுப்பு" என்போம்.
"அதற்கு மட்டும் பட்டன் இல்லை" என்பான்.

நாலு வருடமாக இப்படி.
ஒருவர் முகம் ஒருவர் பார்த்ததில்லை.
நிபால்டோ நெட்டையா குட்டையா, தெரியாது.
அவன் இடக்கைச் சுண்டுவிரல்
இம்மி பிந்தி விழும், அது தெரியும்.

மார்ச் பாதியில் அவன் வரவில்லை.
முதல் வாரம் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.
அடுத்த வாரம் டோப்ரோமிலா,
"தென்கோடியில் இப்போது மழையா?" என்று
பொதுவாகக் கேட்டு வைத்தாள்.
வானிலையைத் தேடிப் பார்த்தேன்.
மழைதான்.
அதை எழுதினேன். வேறென்ன எழுத?
அவன் குடும்பப்பெயர்கூட எங்களிடம் இல்லை.
அன்றிரவு பழைய பதிவொன்றை ஓடவிட்டேன்.
கண்ணாடிக்கு வெளியே பனி சத்தமில்லாமல் விழுந்தது,
உள்ளே அவன் ஊர் மழை பெய்தது.

ஏப்ரல் பத்தொன்பது. ஒன்றுமே நடக்காதவன் போல:
"சத்தமே வராத பலகை செய்ய
என்னென்ன வேண்டும்? அவசரம்."

கெத்தின் கேட்டான்: "உடம்புக்கு என்ன?"

"இரண்டு கிலோ எழுநூறு கிராம்.
கூரை பிய்ந்துபோகிற மழைக்குத் தூங்குகிறாள்,
நான் ஓர் எழுத்துத் தட்டினால் விழிக்கிறாள்."

சத்தத்துக்காகச் சம்பளத்தைக் கரைத்த நாங்கள்
சத்தத்தைக் கொல்ல உட்கார்ந்தோம்.
சிலிக்கான் வளையம், நுரைத்தாள்,
அடியில் திணிக்கக் கம்பளிச் சாக்ஸ் (அது என் யோசனை).
டோப்ரோமிலா தூரிகைகளைத் தபாலில் அனுப்பினாள்.
"கம்பளி என்றால் என்னையல்லவா கேட்கவேண்டும்"
என்று கெத்தின் அனுப்பிய ஆட்டுரோமம்
இன்னும் சுங்கத்தில் இருக்கிறது.

இங்கே பனி போய்விட்டது.
குளிர்காலத்தில் தெருவில் தூவிய சரளையை
இப்போது பெருக்கிக்கொண்டிருக்கிறேன்.
நேற்று பதிவு வந்தது,
ஒரு நிமிடம் நாற்பது விநாடி.
எஞ்சினை அணைத்து, காதில் அழுத்திக் கேட்டேன்.
மழை.
மழைக்கு இந்தப் பக்கம் சின்னதாய் ஒரு மூச்சு,
போய், வந்து, போய்.
தட்டினானா இல்லையா என்றே தெரியவில்லை.
முடியப்போகிற நேரத்தில்
லேசாக ஒரு கீச்.

"மோசமில்லை" என்றான் கெத்தின்.
"வலது முனையில் மசகு போதாது" என்றாள் டோப்ரோமிலா.
நான் எழுதினேன்:
இடைவெளிப்பட்டைதான் கீச்சிடுகிறது.
சரிசெய்துவிட்டு மறுபடி அனுப்பு.
முடிந்தால்
இன்னும் கொஞ்சம் நீளமாக.