மூன்றாம் எண் கூண்டு

மண்டபம் அலுவலகத்தில்
மாதம் பதினோராயிரத்துக்கு
நான்தான் அரசு.
அதாவது, அரசின் முகநூல் பக்கம்.
காற்று நாற்பத்தைந்து கிலோமீட்டர்,
அலை மூன்று மீட்டர்,
இன்று டோக்கன் கிடையாது.
இவ்வளவுதான் என் இலக்கியம்.
பார்த்தவர் நூற்றுப் பன்னிரண்டு பேர்.
விருப்பம் இட்டவன் என் தம்பி.

கருத்துக் கேட்புக்கு ஒன்பது நாள் இருக்கையில்
மேலிருந்து வாட்ஸ்அப்பில் வந்தது
(கோப்பில் வரவில்லை, குறித்துக்கொள்ளுங்கள்):
புதிய இறங்குதளத்தைப் பாராட்டி எழுது.
துறை பெயர் வேண்டாம்.
கடல்காரப் பெண் பேசுவதுபோல் இருக்கட்டும்.
கடைசியில், உங்கள் எம்.எல்.ஏ.வை இன்றே அழையுங்கள் என்று ஒரு வரி.
விளம்பரத்துக்கு நாலாயிரத்து முந்நூறு.

பாசித் திட்டத்துக்குப் போன வருடம் எடுத்த படம் ஒன்று இருந்தது.
இடுப்பளவுத் தண்ணீரில்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
ஒருத்தி சிரித்துக்கொண்டு நின்றாள்.
அவள் வாயில் என் வாக்கியத்தை வைத்தேன்.
இருபத்தாறாயிரம் பேர் பார்த்தார்கள்.
அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை,
சந்தோஷத்தில்.

நாலாம் நாள் அவளே வந்தாள்.
சின்னப்பாலம் இருளாயி.
விரல்களில் சுற்றிய துணி இன்னும் ஈரம்.
போனை மேசைமேல் வைத்தாள்.
"மூஞ்சி எம்மூஞ்சி.
பேச்சு யாரு பேச்சு?"

பத்து ரூபாய் வில்லை ஒட்டி அதையே மனுவாகவும் கொடுத்தாள்.

தணிக்கைக்கு வந்தவர் மெகருன்னிஸா.
சத்தம் போடவில்லை, பச்சை மையில் எழுதினார்:
துறை தன் திட்டத்தைச் சொல்லலாம்.
தன் பெயர் போட்டுச் சொல்லலாம்.
சனம் சொல்வதுபோல் சொல்லக் கூடாது.
சனத்தைச் சொல்லச் சொல்லவும் கூடாது,
அதுவும் சனத்தின் காசில்.

எம்.எல்.ஏ. வரியை மட்டும் எடுத்துவிட்டால்? என்றேன்.
"முகத்தையும் எடுக்கணுமே, தம்பி."
அழித்துவிடவா என்றேன்.
அழிக்கவும் கூடாதாம்.
அச்செடுத்து, நாளும் நேரமும் குறித்து,
கோப்பில் நாற்பத்தோராம் பக்கம்.
இருளாயி அங்கே இன்னும் சிரித்தபடி இருக்கிறாள்,
தோளில் ஓட்டை போட்டு நூல் கோத்து.

நாலாயிரத்து முந்நூறு
மூன்று தவணையாக என் சம்பளத்தில் பிடித்தம்.
வாட்ஸ்அப்பில் வந்தது
வாட்ஸ்அப்பிலேயே மறைந்துபோனது.

நேற்று பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏறியது.
பார்க்கப் போனேன்.
ஆதரியுங்கள் என்று கேட்கவில்லை.
பகிருங்கள் என்று கெஞ்சவில்லை.
மூன்று என்று தொங்கிக்கொண்டிருந்தது.
நம்பியவன் வள்ளத்தை மேடேற்றிக் கட்டினான்.
நம்பாதவனுக்கும் அதே மூன்றுதான்.

படமெடுத்துப் போட்டேன்.
அடியில் துறையின் பெயர், நேரம்.
எண்பத்து நாலு பேர்.
முகப்படம் இல்லாத ஒரு கணக்கிலிருந்து கேள்வி:
"தென்கடலுக்கும் சேத்தா?"

ஆம், தென்கடலுக்கும்.