எந்த வருஷத்துக்கு

குன்னூரில், பெட்ஃபோர்டுக்கு மேலே
வண்டி திரும்ப முடியாத வளைவில்
அந்த வீடு.
வாங்கியவர் திருப்பூர்க்காரர், சென்னியப்பன்.
பனியன் துணியைத் தடவிப் பார்ப்பதுபோலச்
சுவரைத் தடவிப் பார்த்துச் சொன்னார்:
"எண்பத்தேழுக்குக் கொண்டுபோயிருங்கம்மா."
ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தேழு.

ஏன் எண்பத்தேழு என்று கேட்டேன்.
அந்த வருஷத்துப் போட்டோ ஒன்று கிடைத்ததாம்.
வேறு காரணமில்லை.

போட்டோவில் வரவேற்பறை.
கணப்படுப்பின் மேல் பத்தேகால் காட்டும் கடிகாரம்,
பெரணித் தொட்டிக்கு ஒரு முக்காலி,
நாற்காலியில் பெல்ஹாம் துரைசானி,
மடியில் நாய்.
இடது ஓரத்தில்
சன்னல் திரையை விலக்கிப் பிடித்திருக்கும்
ஒரு கை. முழங்கை வரை.
அதற்கப்பால் அட்டை முடிந்துவிடுகிறது.

துரைசானியின் கணக்குப் புத்தகத்தில்
நாய்க்குப் பெயர் இருக்கிறது, டஸ்கி.
கைக்கு,
'பையன், மாதம் நாலு ரூபாய்.'

பழுப்பேறிய போட்டோவுக்கு நிறம் தெரியாது.
சுவரைத்தான் கேட்க வேண்டும்.
கட்டைவிரல் அகலத்துக்குக் கத்தியால்
சுரண்டிக்கொண்டே உள்ளே போனேன்.

வழக்கில் பூட்டிக் கிடந்த பதினோரு வருஷத்துக்கு
வண்ணம் இல்லை, பாசி மட்டும்.
காட்டெருமை ஒன்று வாசலில் வந்து படுக்குமாம்.
அதற்கடியில் வங்கிக் கிளையின் சந்தன நிறம்,
டோக்கன் எண் கூட்டிய பென்சில் கிறுக்கல்.
அதற்கடியில் போஸ்ட் மாஸ்டர் போஜன் குடும்பம்
முப்பத்து மூன்று வருஷம் இருந்த ரோஸ்.
மகள் கல்யாணத்துக்கு அடித்தது.
மாப்பிள்ளை கேத்திக்காரர்.
மழை மாதம், மூன்று நாளாகியும் காயவில்லையாம்.
யாரோ சாய்ந்த தோளின் தடம் அப்படியே.
இன்னும் கீழே போர்க்காலப் பச்சை,
எண்ணெய் வாடை போகாத பச்சை.
அப்புறம் காகிதம்.

மாதுளையும் பறவையும் அச்சடித்த
சீமைச் சுவர்த்தாள்.
ஆவி காட்டி உரித்தால் பின்னால் செய்தித்தாள்கள்,
கல்சுவரின் ஈரத்துக்கு அண்டக் கொடுத்தவை.
ஒட்டியவனுக்கு இங்கிலீஷ் தெரியாது போல.
கப்பல் வரவும் பஞ்சு விலையும்
தலைகீழாகத் தொங்குதே என்று
தங்கரத்தினம் சிரித்தான்.
நான் ஏணியில் இன்னும் இரண்டு படி ஏறினேன்.
கூரையோரம், யார் கண்ணும் எட்டாத உயரத்தில்
ஒரு சாண் தமிழ்த்தாள்.
நேராக இருந்தது.
காணாமற்போன எருமை ஒன்று,
வலது கொம்பு மழுங்கியது,
கண்டு சொல்வோர்க்கு எட்டணா.

சென்னியப்பன் வந்து பார்த்தார்.
நெடுநேரம் பார்த்தார்.
"எருமை கிடைச்சுதாமா?" என்றார்.
பிறகு மூடச் சொன்னார்.

ஏழு மாதம்.
மாதுளையும் பறவையும் மும்பையில் மறுபடி அச்சாகி வந்தன.
போஜனின் ரோஸ் முழுக்கப் போயிற்று.
நான்தான் சுரண்டினேன். ஒன்பது சாக்குப் பொடி.
நகக்கண்ணில் இரண்டு வாரம் கல்யாண நிறம்.
கடிகாரம் கோவையில் ஒரு பழைய கடையில் சிக்கியது.
முக்காலிக்கு ஊட்டித் தச்சர் கால் வைத்தார்.
நாய் மட்டும் பீங்கான்.

கணப்படுப்பில் முதல் தீ மூட்டிய அன்று
வீடெல்லாம் புகை.
புகைபோக்கிக்குள் குருவிக்கூடு இருந்ததை
எந்தப் பட்டியலிலும் எழுதவில்லை.
கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தால்
அங்கே மேகம்.
எது புகை எது மேகம் என்று தெரியாமல்
இருமிக்கொண்டு நின்றோம்.

விளம்பரப் படம் எடுக்க ஒரு பையன் வந்தான்.
அதே நாற்காலி, அதே கோணம்.
வெளிச்சம் போதவில்லை.
புதுத் திரை கனம், கொக்கி இன்னும் வந்து சேரவில்லை.
"அக்கா, கொஞ்சம் பிடிங்க."
பிடித்தேன்.
மலை வெளிச்சம் உள்ளே வந்து
மாதுளைகள்மேல் உட்கார்ந்தது.

"ஃபிரேம்ல உங்க கை விழுது,
எடுத்துருங்க" என்றான்.

எடுத்தால் திரை விழுந்துவிடும் என்றேன்.