நான்கு விரல் தூரம்

அஜ்மான், அல் ஜர்ஃப். இரவு ஷிஃப்ட்.
ஓட்டல் படுக்கை விரிப்புகள்
தள்ளுவண்டியில் மலையாக வருகின்றன.
ஒவ்வொன்றின் ஓரத் தையலுக்குள்ளும்
அரிசியைவிடக் கொஞ்சம் நீளமாய் ஒரு சிப்.
பேட்டரி கிடையாது. தானாகப் பேசாது.
வாசல் கேட்டால் மட்டும்
கேட்ட அலையிலேயே கொஞ்சம் கடன் வாங்கித்
தன் எண்ணைச் சொல்லிவிட்டு அடங்கிவிடும்.

வாசல் ஒரே மூச்சில் நானூறு விரிப்பைப் படிக்கும்.
எவர் படுத்தார், எவர் விடியும்வரை புரண்டார்,
அதெல்லாம் அதற்கு வேண்டாம்.
எந்த ஓட்டல், எத்தனையாவது சலவை.
கலாஸ்.

என் ஓவரால் காலரிலும் ஒன்று தைத்திருக்கிறார்கள்.
எட்டு மீட்டர் தள்ளி நின்றாலும் உன்னைத் தெரியும்
என்பார் முதீர்.
தெரியும்தான்.

ஈரம் மட்டும் அதற்கு ஆகாது.
பிழியாத விரிப்பு நடுவில் சிக்கினால்
குரல் உள்ளேயே மூழ்கிப்போகும்.
ரமலானுக்கு முந்தின வாரம் அப்படித்தான் ஒன்று குறைந்தது.
மூன்று மணிநேரம்
ரொசிற்றாவைத் திருடி என்றார்கள்.
அவள் வண்டியைக் கவிழ்த்து
ஒவ்வொன்றாக உதறிக் காட்டினாள்.
அடியில் கிடந்தது, சொட்டச் சொட்ட.
மன்னிப்பு யாரும் கேட்கவில்லை.
வாசல் மட்டும் ஒரு பீப்.

பக்காலாவில் வேறு மாதிரி.
போனை மெஷினோடு ஒட்டவைக்க வேண்டும்.
நான்கு விரல் விலகினாலே
பார்த்தும் பாராத சொந்தக்காரனாகிவிடும்.
அது ஆர்.எஃப்.ஐ.டி, இது என்.எஃப்.சி,
இரண்டும் பங்காளிகள்தான் என்றான்
மெஷின் பழுதுபார்க்க வந்த தயாசீலன்.
அது தமுக்கு அடித்து ஊரையே கூப்பிடும்.
இது காதோடு காதாக,
ஒருவரோடு மட்டும்.
பதில் கேட்கவும் தெரியும் இதற்கு.

நேற்று ரொசிற்றாவுக்குக் கடைசி ஷிஃப்ட்.
சோஹாரில் வேறு வேலை.
"நம்பரைத் தாங்கோ" என்றாள்.
கையெல்லாம் சோப்பு, எழுத்துத் தட்ட முடியாது.
போன்களை முதுகோடு முதுகு வைத்தோம்.
ஒன்றும் நடக்கவில்லை.
"கவர் தடிப்பு."
கழற்றினாள்.

உள்ளே மடுமாதா படம்,
எட்டாக மடித்த பத்து திர்ஹம்,
நூல் பிசிறோடு ஒரு சிப்.
நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.
"விரிப்பை எடுக்கேல்லை.
அதின்ர நம்பரை மட்டும்தான்."

என் போனால் அதைப் படிக்க முடியாது, அலைவரிசை வேறு.
மறுபடி ஒட்டவைத்தோம்.
இரண்டும் ஒருமுறை நடுங்கின.
ரொசிற்றா மன்னார் என்று என் திரையில் வந்தது.

பிறகு சிப்பை உள்ளங்கையில் வைத்து
ஈரக் கையை இறுக மூடிக்கொண்டு
வாசலைக் கடந்தாள்.
வாசல் சும்மா இருந்தது.

இன்று வண்டியில் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது.
ஓரத்தில் நாலு தையல் பிரிந்த விரிப்பு
மேலேயே கிடக்கிறது, நன்றாகக் காய்ந்து.
முதீர் மறுபடி எண்ணச் சொல்கிறார்.
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.