ஏழுக்கு மேல் ஆள் இல்லை

மூன்று, இரண்டு, மூன்று.
பல்லுக்கு ஆறு இடம். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே
இருபது கிராம் அழுத்தத்தில் கம்பி இறங்கும்.
அதற்கு மேல் போனால் அளவு இல்லை, காயம்.
நான் சொல்லச் சொல்ல வனஜாட்சி எழுதுவாள்.
மூன்று, மூன்று, இரண்டு.
வெளியே எண்ணூர் நெடுஞ்சாலையில்
கன்டெய்னர் லாரிகள் நின்று நின்று போகின்றன,
தட்டில் குப்பிகள் லேசாகப் பல்லைக் கடிக்கின்றன.

பதினேழாம் எண் நாற்காலியில் தேசிங்கு.
காசிமேட்டில் மீன் ஏலம் கூறுபவர், என் வயதுதான்.
கயிறு அறுந்து அடித்ததில் போன முன்பல்லுக்கு
ஆறு வருடமாக டைட்டானியம்.
ஐந்து, என்றேன். ஆறு. ஏழு. ரத்தம். சீழ்.
வாயில் என் விரல் இருக்கும்போதே கேட்டார்:
"இன்னா டாக்டரு, ஏயுக்கு மேல ஆளு இல்லியா?"

வனஜாட்சி பேனாவைக் கீழே போட்டுவிட்டாள்.

சொந்தப் பல் எலும்பில் ஒட்டியிருப்பதில்லை,
மெல்லிய நாரில் தொங்குகிறது.
சோற்றில் ஒரு மணல் பட்டாலும் கூப்பிட்டுச் சொல்லும்.
நட்ட பல்லுக்கு நார் இல்லை, நேராக எலும்பில் பூட்டு.
சுற்றிலும் எலும்பு கரைந்து கிண்ணமாகும்வரை
பேசாமல் நெத்திலி மென்றுகொண்டிருக்கும்.
ஏன் சிலருக்கு மட்டும்?
காகிதக் குச்சியால் அந்த ஈரத்தை ஒற்றியெடுத்து
மைனஸ் எண்பதில் உறைய வைக்கிறேன்.
மூன்று வருடம். நூற்றுப் பன்னிரண்டு வாய்.
இதுவரை தெரிந்தவை: பீடி, சர்க்கரை, சரியாகத் துலக்காதது.
இதைச் சொல்ல ஃப்ரீஸர் தேவையில்லை
என்று டீன் சொன்னார். தப்பில்லை.

ஆறு மணிக்கு மேல் ஆய்வகம் என்னுடையது.
ஃப்ரீஸர் சுருதி போடும், கொஞ்சம் இறக்கமாக.
எனக்கு வயலின் தாடையில்தான்;
பாதி ஒலி காதுக்கு எலும்பு வழியே போகிறது.
ஜெராக்ஸ் தாளில் ஒரு ஸ்பானிய சொனாட்டா,
நூறு வருடம் முன்பு மாட்ரிட்டில் யாரோ
அதற்கும் முந்நூறு வருடம் பழைய அரண்மனை நடனத்தின் அளவில்
புதுத் துணி வெட்டித் தைத்தது.
அழுகை கிடையாது. தையல் வெளியே தெரியும்.
ஓரிடத்தில் வில்லை விட்டுவிட்டு
விரலால் கிட்டார் மாதிரி சுண்ட வேண்டும்.
ஓரிடத்தில் தந்தியை அழுத்தாமல் தொட மட்டும் வேண்டும்:
விசில் போல ஒன்று மேலே எழும்பும்.
என் விரலுக்கு அது தெரியும். இருபது கிராம்.
தாளம்தான் வராது.
பன்னிரண்டை முதலில் மூன்று மூன்றாய்,
உடனே இரண்டு இரண்டு இரண்டாய் உடைக்கிறான்.
ஒன்பதில் விழுவேன். தினமும் ஒன்பதில்.

ஐப்பசி மழையில் பதினேழாம் எண் வரவில்லை.
போன் செய்தேன். "அது கையோட வந்திச்சு டாக்டரு,
வலிக்கவே இல்ல. சோப்பு டப்பாவுல கீது."
ஆராய்ச்சியிலிருந்து விலகும் படிவத்தில் கையெழுத்து வேண்டும்.

விடியுமுன் காசிமேட்டில் செருப்பில் ஐஸ் தண்ணீர்.
கூட்டத்தின் நடுவே வஞ்சிரக் கூடைமேல் கை வைத்து
தேசிங்கு கூறிக்கொண்டிருந்தார்:
மூணு நூறு மூணு நூறு மூணு நூறு,
வாங்குபவன் விரலை ஆட்டியதும் இறுகி
முப்பது, முப்பது, முப்பது,
கைதட்டி முடித்தார். நான் எண்ணியிருந்தேன்.
விழவில்லை.

"ச" வரும்போதெல்லாம் அந்தச் சந்தில் காற்று நுழைந்து
விசில் எழும்பியது,
அவர் அழுத்தாமலே.
கூட்டம் அதற்கும் திரும்பிப் பார்த்தது; விலை ஏறியது.

படிவத்தில் மீன் செதில் ஒட்டியிருக்கிறது.
விலகிய காரணம் என்ற கட்டத்தில்
வனஜாட்சி என்ன எழுதுவது என்று கேட்கிறாள்.
ஃப்ரீஸரில் அவருடைய குச்சிகள் நான்கு.
நாளை இரண்டாம் தட்டு. பதினெட்டாம் எண்,
கொருக்குப்பேட்டை, கீழ்க்கடைவாய்,
பெயர் இன்னும் கேட்கவில்லை.